சிங்கப்பூருக்குப் பந்து பார்க்க வருகிறவர்களுக்கு: விசாவிலிருந்து கடைசி ரயில் வரை

சிங்கப்பூரில் அனைத்துலகக் காற்பந்து ஆட்டம் என்று அறிவிப்பு வந்தால் போதும், என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. "அண்ணே, விசா எத்தனை நாள்ல வரும்?", "டிக்கெட்டைக் காட்டினா உள்ள விட்டுடுவாங்களா?", "உங்க பக்கத்துல ரூம் கிடைக்குமா?" எல்லாம் நியாயமான கேள்விகள்தான். 2025 அக்டோபர் 9ஆம் தேதி ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இந்தியா இங்கே ஆட வந்தபோது திருச்சியிலிருந்து என் மாமா மகனும் அவன் கூட்டாளிகளும் வந்தார்கள். அவர்களுக்காக அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதையும், அதற்கு முன் மலேசிய நண்பர்கள் பட்ட பாட்டையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்து கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் பாருங்கள். பந்தைப் பற்றி உங்களுக்கே தெரியும், இதில் இருப்பதெல்லாம் தாளும் காசும் நேரமும்தான்.

1. எந்த ஆட்டம், எந்த அரங்கம்: முதலில் இதை முடிவு செய்யுங்கள்

உலகக் கிண்ணம் மாதிரி ஒரே ஊரில் உட்கார்ந்து வரிசையாக ஆட்டம் பார்க்கலாம் என்று நினைத்து யாரும் வராதீர்கள். தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் வெற்றியாளர் போட்டி இப்போது சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி நடக்கிறது. ஐந்து அணிகள் உள்ள பிரிவில் ஓர் அணிக்கு நான்கு ஆட்டங்கள், அதில் இரண்டுதான் சொந்த ஊரில். அரையிறுதிக்குப் போனால் இங்கே இன்னும் ஒன்று, இறுதிக்குப் போனால் மற்றொன்று, அவ்வளவுதான். தகுதிச் சுற்று ஆட்டங்களும் அப்படித்தான்: இந்தியா இங்கே ஆடிய ஐந்தாம் நாளே மறு ஆட்டம் கோவாவில் நடந்தது.

ஆகவே ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்காக வாருங்கள், அதைச் சுற்றி மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். அரையிறுதியை நம்பி முன்கூட்டியே விமான டிக்கெட் போடுவதானால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்துப் போடுங்கள். நீங்கள் நம்பும் அணி பிரிவிலேயே வெளியேறிவிட்டால் விமான நிறுவனம் உங்களுக்காகக் கண்ணீர் விடாது.

அரங்கமும் மாறும், இது பலருக்குத் தெரியாது. காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கம் 55,000 பேர் கொள்ளும். ஜாலான் புசார் அரங்கத்தில் ஏறத்தாழ 6,000 பேர்தான். 2024 டிசம்பர் ஆசியான் போட்டியில் சிங்கப்பூருக்குத் தாய்லாந்துடன் நடந்த பிரிவு ஆட்டம் காலாங்கில், வியட்நாமுடன் நடந்த அரையிறுதி ஜாலான் புசாரில். பெரிய ஆட்டம் சின்ன அரங்கத்துக்குப் போனால் டிக்கெட் நிலைமை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்பில் அரங்கத்தின் பெயரைப் பார்த்துவிட்டு அப்புறம் ஹோட்டலைத் தேடுங்கள்.

2. ஆட்ட டிக்கெட்

சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் அதிகாரபூர்வப் பக்கங்களில் விற்பனை தொடங்கும் நாளும் நேரமும் வரும், எந்த இணையத்தளத்தில் வாங்குவது என்ற சுட்டியும் அங்கேயே இருக்கும். அந்தச் சுட்டி வழியாக மட்டும் போங்கள். நேரத்தைச் சிங்கப்பூர் நேரமாகப் படியுங்கள்; இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 10 மணி விற்பனை என்றால் திருச்சியில் அப்போது ஏழரை.

எதிரணி ரசிகர்களுக்கு வழக்கமாகத் தனிப் பகுதி ஒதுக்குவார்கள். அந்த டிக்கெட்டை எப்படி விற்கிறார்கள் என்பதை உங்கள் நாட்டுச் சங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளூர் ஆதரவாளர்கள் நடுவே உட்கார்ந்தால் இங்கே யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனாலும் பாதுகாவலர் வந்து இடம் மாறச் சொன்னால் தொண்ணூறு நிமிடத்தில் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

பெரிய பொறி எது என்றால் மறுவிற்பனை. "குடும்பத்தில் ஒருவருக்கு வர முடியவில்லை, வாங்கின விலைக்கே தருகிறேன்" என்று டெலிகிராமில் ஒரு செய்தி வரும், பணம் அனுப்பியதும் டிக்கெட்டின் படம் ஒன்று வரும். அதே படம் இன்னும் எத்தனை பேர் கையில் இருக்கிறதோ தெரியாது. நுழைவாயிலில் முதலில் வந்து காட்டுகிறவர்தான் உள்ளே போவார். டிக்கெட்டை உங்கள் கணக்குக்கே முறைப்படி மாற்றித் தருகிறேன் என்று சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

3. விசா: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு

ஆட்ட டிக்கெட் விசா ஆகாது. இதைத் தனி வரியாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கத்தாருக்குப் போய்வந்த பழக்கத்தில் ரசிகர் அட்டை மாதிரி இங்கேயும் ஏதோ இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை.

விசாவுக்கு இரண்டு வழி. ஒன்று, சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த விசா முகவர். மற்றொன்று, இங்கே இருக்கும் சொந்தக்காரர்: அவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், தமது சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான இணையக் கணக்கு) மூலம் இணையத்தில் உங்களுக்காக விண்ணப்பிப்பார். வேலை அனுமதிச் சீட்டில் இங்கே இருக்கும் அண்ணன் தம்பியால் இப்படி விண்ணப்பிக்க முடியாது. "என் தம்பி அங்கதான் இருக்கான், அவன் பார்த்துக்குவான்" என்று கடைசி வாரம் வரை சும்மா இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அரசாங்கக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்). விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. முகவர் அதற்கு மேல் தம் கூலியைப் போடுவார், அது முகவருக்கு முகவர் வேறுபடும், ஆகவே இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். மாமா மகனின் கூட்டாளி ஒருவனிடம் "ஆட்ட நேரம், அவசரக் கட்டணம்" என்று ஒரு முகவர் தனியாகக் கறந்திருக்கிறார். அப்படி ஒரு கட்டணம் குடிநுழைவு அலுவலகத்தில் கிடையாது.

கேட்கிற தாள்கள்: 14ஏ என்ற விசா விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், போய்வரும் விமான டிக்கெட், தங்குமிட விவரம். முகவர்கள் பெரும்பாலும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள். பாஸ்போர்ட் நீங்கள் வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். புகைப்படம் கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது, வெள்ளைப் பின்னணி, 35க்கு 45 மில்லிமீட்டர். இந்தப் புகைப்படத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் நீலத் திரையைப் போட்டு எடுத்துவிடுவார், அல்லது முகத்தைக் கணினியில் வெளுத்துக் கொடுப்பார். ரெண்டுமே திரும்பி வரும்.

சாதாரணமாக மூன்று வேலை நாளில் முடிவு வந்துவிடும், விண்ணப்பித்த நாள் கணக்கில் சேராது. ஆனால் சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும், நடுவே சனி ஞாயிறும் பொது விடுமுறையும் வரும். வருகைக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நான் சொல்வது, அந்தக் காலக்கெடு திறந்ததும் போட்டுவிடுங்கள், ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை இழுக்காதீர்கள்.

அப்புறம் இந்தப் பெயர் விவகாரம். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும், அல்லது இனிஷியல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். விமான டிக்கெட், விசா, வருகை அட்டை (அடுத்த பகுதியில் சொல்கிறேன்) என மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். டிக்கெட்டில் 'கே. செந்தில்', விசாவில் 'செந்தில் கருப்பையா' என்று இருந்தால் திருச்சி விமான நிலையத்திலேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிடும்.

ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருந்து, சிங்கப்பூர் வழியாக வேறொரு நாட்டுக்குப் பயணம் செய்பவராக இருந்தால், 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கும் சலுகை ஒன்று உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன, படித்துப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். திருச்சியிலிருந்து வந்து திருச்சிக்கே திரும்புகிறவருக்கு அது பொருந்தாது.

4. வருகை அட்டை

விசா வேண்டாதவர்களுக்கும், அதாவது மலேசியர்களுக்கும், உள்ளே வரும் முன் இந்த வருகை அட்டை கட்டாயம். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்திலோ குடிநுழைவு அலுவலகத்தின் மைஐசிஏ செயலியிலோ நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. தேடுபொறியில் தட்டினால் மேலேயே வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குக் காசு கேட்கும். காசு கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிட்டு வெளியே வாருங்கள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். நடுவே ஒருநாள் மலேசியாவின் ஜொகூருக்குப் போய்வந்தால் இன்னொன்று.

குடிநுழைவு முகப்பில் அதிகாரி எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கலாம். ஆட்டம் பார்க்க வந்தேன் என்று சொல்லி டிக்கெட்டைக் காட்டுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் புளோக் எண், வீட்டு எண், அவருடைய கைப்பேசி எண் மூன்றையும் தாளில் எழுதி வைத்திருங்கள், உங்கள் போனில் சார்ஜ் இருக்கிறதோ இல்லையோ. சிலரைத் தனியறைக்கு அழைத்து விசாரிப்பார்கள். இளவயதுப் பையன்கள் கூட்டமாக வந்தால் இது நடக்கத்தான் செய்யும். பதறாமல் உள்ளதைச் சொன்னால் போதும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். அந்தத் தேதியைப் பாருங்கள். விசா எவ்வளவு நாள் செல்லும் என்பதும் இங்கே எத்தனை நாள் இருக்கலாம் என்பதும் வேறு வேறு.

5. தங்குமிடம்

லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், லவெண்டர் வட்டாரத்தில் எடுங்கள். ஜாலான் புசார் ஆட்டம் என்றால் நடந்தே போய்விடலாம். காலாங் ஆட்டம் என்றால் ரயிலில் சில நிறுத்தங்கள்தான். சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. தங்குவிடுதியில் ஒரு படுக்கை ஏறத்தாழ 35 முதல் 60 வெள்ளி வரை, சுமாரான ஹோட்டல் அறை 120க்கு மேல். டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் எஃப்1 கார்ப் பந்தய வாரத்திலும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. விலைக்குப் பக்கத்தில் '++' என்று போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் தனி.

இன்னொரு பொறி இங்கே இருக்கிறது. வீவக வீட்டின் (அரசாங்க அடுக்குமாடி வீட்டின்) அறையை மூன்று நாள் நான்கு நாள் என்று சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். தனியார் வீடானாலும் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் விடலாம். ஆட்ட நேரத்தில் 'தமிழ்க் குடும்பம், வீட்டுச் சாப்பாடு, நாளுக்கு இவ்வளவு' என்று விளம்பரம் வரும். அதை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

6. பெட்டியில் இருக்கக் கூடாதவை

மின்சிகரெட் வேண்டவே வேண்டாம், பையில் வைத்திருந்தாலே குற்றம். ஹான்ஸ், குட்கா போன்ற மெல்லும் புகையிலைக்கும் தடை. சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். சூயிங்கம் வேண்டாம். அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியைக் கொண்டுவரலாம், ஆனால் கசகசாவைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவராதீர்கள். அது இங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அத்தை கேட்டாள் என்பதெல்லாம் சுங்கத்தில் எடுபடாது.

மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவில் தீர்வையில்லாச் சலுகை இல்லை.

7. மலேசியாவிலிருந்து கடற்பாலம் வழியாக வருகிறவர்களுக்கு

கிள்ளான் நண்பர் ஒருவர் 2024இல் தாய்லாந்து ஆட்டத்துக்கு வந்தார். பள்ளி விடுமுறைக் காலம். சிங்கப்பூர் போட்ட இரண்டு கோலையும் நெரிசலில் நின்ற பஸ்ஸுக்குள் கைப்பேசியில்தான் பார்த்தார். அரங்கத்துக்குள் வந்து சேர்ந்த பிறகு நேரில் பார்த்தது தாய்லாந்து திருப்பிப் போட்டதை. ஆட்டம் 4-2 என்று முடிந்தது, அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆகவே ஆட்ட நாளன்று மத்தியானத்துக்குள் கடற்பாலத்தைத் தாண்டிவிடுங்கள். வேலைநாள் விடியற்காலையில் ஜொகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் கூட்டம், ஞாயிறு மாலையில் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கூட்டம். இரண்டையும் தவிர்க்கப் பாருங்கள். ஜொகூரின் ஜேபி சென்ட்ரலிலிருந்து இங்குள்ள உட்லண்ட்ஸுக்கு ஓடும் ஷட்டில் ரயிலில் ஐந்து நிமிடம்தான், ஜொகூர்ப் பக்கம் ஏறினால் 5 ரிங்கிட், இங்கிருந்து திரும்பும்போது 5 வெள்ளி. முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், வாரயிறுதியானால் இன்னும் சீக்கிரம். பஸ் என்றால் 170ஆம் எண் லார்கினிலிருந்து குவீன் ஸ்திரீட் வரை வரும், அங்கிருந்து ஜாலான் புசார் பக்கம்தான். சோதனைச் சாவடியில் இறங்கும்போது பையை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்காதீர்கள். நீங்கள் வெளியே வரும்போது அந்த பஸ் போயிருக்கும், அதே எண்ணில் அடுத்ததில் ஏற வேண்டியிருக்கும். கோலாலம்பூர் விரைவு பஸ்களும் ரொம்ப நேரம் காத்திருப்பதில்லை.

சொந்தக் காரில் வரலாமா என்று கேட்பார்கள். அனுமதி, கட்டணம், நிறுத்துமிடம் என்று போகும் தலைவலிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

8. ஆட்ட நாள்

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. தட்டிச் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டை போதும். வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்கு 60 காசு கூடுதல். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது. அட்டையால் தட்டி ஏறிவிட்டு, கைப்பேசியில் உள்ள அதே அட்டையால் தட்டி இறங்கினால் இரண்டும் வேறு வேறாகக் கணக்காகி அதிகக் கட்டணம் போகும். பஸ்ஸில் இறங்கும்போதும் தட்டுங்கள்.

காலாங்குக்கு: லிட்டில் இந்தியாவிலிருந்து நீலப் பாதையில் ப்ராமனாட் வரை, அங்கே வட்டப் பாதைக்கு மாறி இரண்டாவது நிறுத்தம் ஸ்டேடியம் நிலையம். ஆட்டம் பெரும்பாலும் மாலை ஏழரை, எட்டு மணிக்கு. ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், பைச் சோதனை வரிசை மெதுவாகத்தான் நகரும். சின்னப் பையாகக் கொண்டுபோங்கள். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், ஆகவே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் வையுங்கள், இங்கே அது சட்டம்.

கொடி பற்றி ஒரு வார்த்தை. வேற்று நாட்டுக் கொடியைப் பொது இடத்தில் காட்டுவதற்கு இங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. சிராங்கூன் ரோட்டில் தோளில் போர்த்திக்கொண்டு போகாமல், மடித்துப் பையில் வைத்து அரங்கத்துக்குள் போய் விரியுங்கள். மேளம், நீளக் கம்பு இவற்றுக்கு முன் அனுமதி இருக்கிறதா என்று உங்கள் ரசிகர் குழுவிடம் கேளுங்கள். கொட்டடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலமாகப் போவதை மறந்துவிடுங்கள்.

டிசம்பர் என்றால் மழை. காலாங்கில் கூரை இருக்கிறது. ஜாலான் புசாருக்குப் போகிறவர்கள் குடைக்குப் பதில் மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் இருப்பவர் திட்டமாட்டார்.

9. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது

ரயில் கூட்டத்துக்குப் பயந்து 85ஆவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இந்தியா ஆட்டத்தில் பத்துப் பேராக ஆடிக்கொண்டிருந்த இந்திய அணி 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி மூலம் சமன் செய்தது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டார்கள். வியட்நாம் அரையிறுதியில் இரண்டு கோலுமே 90 நிமிடம் தாண்டி விழுந்தவை. விசில் ஊதும்வரை உட்காருங்கள்.

முடிந்ததும் எல்லாரும் ஸ்டேடியம் நிலையத்துக்குள் நெருக்குவார்கள். நீங்கள் காலாங் நிலையத்துக்கு நடங்கள், பத்துப் பதினைந்து நிமிடம், பச்சைப் பாதை. அங்கிருந்து லவெண்டர் ஒரே நிறுத்தம், அடுத்தது பூகிஸ். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். கூடுதல் நேரம், பெனால்டி என்று இழுத்தால் அரங்கத்தை விட்டு வெளியே வரவே பதினொன்று ஆகலாம், ஆகவே உங்கள் பாதையின் கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்து வைத்திருங்கள். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டாக்சியில் பாதிக் கட்டணம் கூடுதலாக ஏறும்.

இரவு பத்தரைக்கு மேல் கடையில் மது வாங்க முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை தெருவில் குடிப்பதற்கு முழுத் தடை. ஜெயித்த குஷியில் கையில் டின்னோடு சந்தில் நின்றீர்களானால் அபராதம்தான். உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை.

10. கையில் எவ்வளவு வேண்டும்

விமானம், தங்குமிடம், ஆட்ட டிக்கெட் மூன்றையும் விட்டுவிட்டால், உணவங்காடிச் சாப்பாடு வேளைக்கு 5 முதல் 8 வெள்ளி, ரயில் பஸ் நாளுக்கு 6 வெள்ளிக்குள். தேநீரும் தண்ணீரும் சேர்த்து நாளுக்கு 35 வெள்ளி வைத்தால் தாராளம். அரங்கத்துக்குள் எதை வாங்கினாலும் வெளி விலை இருக்காது. அவசரத்துக்குத் தனியாக ஒரு 100 வெள்ளியைப் பாஸ்போர்ட்டோடு சேர்க்காமல் வேறு பையில் வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலிஸ் புகார், அப்புறம் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகம். போலிஸ் 999, ஆம்புலன்ஸ் 995.

சட்டை, காலணி என்று ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், அந்தக் கடை வரித் திருப்பத் திட்டத்தில் இருந்தால், பொருள் சேவை வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். பொருளைப் பெரிய பெட்டியில் போடுவதானால், சாங்கியில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அங்குள்ள இயந்திரத்தில் பதிய வேண்டும். கடற்பாலம் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.